உடலும் உழைப்புத் தொடரும்: பழனிக்குமாரின் கடற்கரை ஒளிப்படங்களும் திருப்பூர்ச் சூழலும்

முன்னுரை

உழைப்பைச் சித்திரிக்கும் கலை, உழைப்பவரின் உடலைக் காட்டுவதோடு நிற்கிறதா, அவ்வுழைப்பு விலையாக மாறும் முறையையும் காட்டுகிறதா என்பது திறனாய்வில் எழும் அடிப்படை வினாவாகும். மதுரையைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞர் எம். பழனிக்குமாரின் கடற்கரைப் படங்களை இவ்வினாவின் வழி அணுகுவதும், அவரது முறை திருப்பூரின் பின்னலாடைத் தொழிலுக்குப் பொருந்துமா என நோக்குவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உடல் என்னும் கருவி

பழனிக்குமார், தெருவில் மீன் விற்ற தாயின் மகன். 2017இல் வெளிவந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். 2019இல் ‘பாரி’ இணைய ஆவணகத்தில் வெளியான அவரது படைப்பு, இராமநாதபுரம் மாவட்டம் பாரதிநகரின் கடற்பாசி சேகரிக்கும் பெண்களைப் பற்றியது. மூச்சுக்கருவி ஏதுமின்றி மூழ்கும் இப்பெண்கள், பாறை கிழிக்காதிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொள்கின்றனர். எண்ணூர்ப் பகுதியில் கொசஸ்தலை ஆற்றில் கையால் இறால் பிடிக்கும் இருளர் பெண்ணோ, இரு கைகளும் நீருக்குள் துழாவ வேண்டியிருப்பதால் கூடையைப் பல்லால் கவ்விக்கொள்கிறார். இங்கே உடலே முதன்மைக் கருவியாகிறது. கடலின் அழகைப் பின்னுக்குத் தள்ளி, துணி சுற்றிய விரலையும் கவ்விய பல்லையும் முன்னிறுத்துவதே இப்படங்களின் வலிமை.

சட்டகத்திற்கு வெளியே

எனினும், கரையேறிய பாசி எடைபோடப்படும் கணத்தில் வேறொரு கதை தொடங்குகிறது. வணிகர், அகர் தயாரிக்கும் ஆலை, அகரைப் பயன்படுத்தும் உணவுத் தொழில் என நீளும் தொடரில் மூழ்கியவரின் மூச்சு எங்கும் பதிவாவதில்லை. 21 தீவுகளை உள்ளடக்கிய மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டபின், பாசி எடுக்கும் பெண்கள் அத்துமீறுவோராகக் கருதப்படலாயினர். தடையையும் விலையையும் ஒற்றை உருவப்படம் தாங்காது. ஆகவேதான் பழனிக்குமார் படத்தோடு உரைநடையையும் சேர்க்கிறார். அவ்வுரைநடையைப் படவிளக்கம் எனக் கொள்வதைவிடப் படைப்பின் மறுபாதி எனக் கொள்வதே பொருந்தும்.

திருப்பூர் என்னும் சோதனை

இவ்வரம்பு திருப்பூரில் மேலும் தெளிவாகிறது. பாசி சேகரிப்பில் மூழ்குதல், பறித்தல், கரைசேர்த்தல் ஆகியவற்றை ஒரே உடல் செய்கிறது. ஒரு பனியனோ நிட்டிங், சாயம், கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எனப் பல கைகளில் சிதறுகிறது. ஓவர்லாக் எந்திரத்தின் முன் அமர்ந்தவரின் உருவப்படம் எவ்வளவு நேர்த்தியாயினும், அதில் முழு ஆடையும் இல்லை. பீஸ் ரேட்டும் இல்லை. சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’ நாவல், இத்தொழிலைச் சாயக்கழிவால் சீரழிந்த நொய்யலின் வழி அணுகியது. தனி உடலில் அடங்காத தொழிலுக்குப் பொதுவான ஒரு பாதிப்பை மையமாக்கியது அதன் தீர்வு. ஒளிப்படத்திற்கோ வேறு வழி வேண்டும்: ஒரு துணி கைமாறும் ஒவ்வொரு நிலையையும் பதிவுசெய்து, அந்தந்த நிலைக்குரிய கூலியை அருகில் நிறுத்தும் தொடர்வரிசை.

முடிவுரை

பழனிக்குமாரின் கடற்கரைப் படங்கள், உழைப்பவரை இரக்கத்திற்குரிய பொருளாக்காமல் தொழில் அறிந்தவராக முன்வைக்கின்றன. இது தமிழ் ஆவண ஒளிப்படத்துறைக்கு முதன்மையான பங்களிப்பு. ஆயினும் அம்முறையை அப்படியே ஆலைக்குள் கொண்டுசெல்ல இயலாது. பிரிக்கப்பட்ட உழைப்பிற்குப் பிரிவினையையே வடிவமாகக் கொண்ட காட்சிமொழி தேவை. அவ்வாறு இல்லையெனில், ஏற்றுமதி விளம்பரப் படத்தில் ஆடை மட்டும் எஞ்சுவதுபோல, ஆவணப் படத்தில் முகம் மட்டுமே எஞ்சும். இரண்டிலும் கூலி காணாமற்போகும்.