சித்தம், விருப்பம், திருவுளம்: விவிலியத் தமிழில் ஒப்படைப்பின் சொற்கள்

கிறித்தவ வாழ்வில் ஒருவர் தம் திட்டங்களையும் உயர்வு வேட்கையையும் இறைவனிடம் ஒப்படைத்தல் என்பது சமயவியலுக்கு மட்டும் உரிய பொருளன்று. ஒப்படைக்கப்படுவது யாது என்பதை விவிலிய மொழிபெயர்ப்பில் அமையும் சொல்லே வாசகருக்கு உணர்த்துகிறது. மனிதர் தமக்கென ஓர் உறுதியான நாட்டம் உடையவராக இருந்து அதனை அறிந்தே விட்டுக்கொடுக்கிறாரா? அன்றி, பொருட்படுத்தத் தகாத ஆசையொன்று தானே உதிர்ந்துபோகிறதா? 1871இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பையும் 1995இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பையும் இவ்வினாவோடு ஒப்பிட்டு நோக்குதல் பயனுடையது.

இவ்வொப்படைப்பின் தலைசிறந்த சான்று கெத்செமனித் தோட்டத்தில் இயேசு செய்த வேண்டுதல். லூக்கா 22:42இல் கிரேக்க மூலம் 'தெலேமா' என்னும் பெயர்ச்சொல்லை ஒரே முறை ஆண்டு, அதனை 'என்னுடையது', 'உம்முடையது' என்னும் இரு உடைமைச் சொற்களோடு இணைக்கிறது. மனித நாட்டத்திற்கும் இறைநாட்டத்திற்கும் பெயர் ஒன்றே. ஆகவே, விட்டுக்கொடுக்கப்படுவது தரத்தில் தாழ்ந்த பொருளன்று. இறைவனுடையதற்கு நிகரான பெயரைத் தாங்கிய ஒன்றே விட்டுக்கொடுக்கப்படுகிறது. இந்நிகர்மையே அவ்வேண்டுதலின் துயரத்திற்கும் பெருமைக்கும் அடிப்படை.

ஐக்கிய மொழிபெயர்ப்பு இரண்டிடத்தும் 'சித்தம்' என்றே பெயர்த்து இந்நிகர்மையைக் காத்துள்ளது. எனினும் அச்சொல்லின் தமிழ் வரலாறு சிக்கலானது. சைவ சித்தாந்தத்தில் சித்தம் என்பது மனம், புத்தி, அகங்காரம் ஆகியவற்றோடு எண்ணப்படும் அகக்கருவி. உலக வழக்கில் அது 'சித்தம் கலங்குதல்' என அறிவுநிலையைக் குறிக்கும்; 'தங்கள் சித்தம்' என மேலோர் முன் கீழோர் பணியும் உரையாகவும் வரும். இன்றைய பேச்சில் 'என் சித்தம்' என எவரும் தம் நாட்டத்தைக் கூறுவதில்லை. இதனால் மூலத்தில் இருவர்க்கும் பொதுவான சொல், இன்றைய வாசகர் காதில் ஆள்வோர்க்கே உரிய சொல்லாக ஒலிக்கிறது. சொல் மாறவில்லை, சொல்லைச் சூழ்ந்த மொழி மாறிவிட்டது.

திருவிவிலியம் இக்குறையை நீக்க லூக்காவில் இருவர்க்கும் 'விருப்பம்' என்னும் சொல்லை ஆள்கிறது. நிகர்மை மீண்டும் கிடைக்கிறது; எளிமையும் கிடைக்கிறது. ஆயினும் உணவு, உடை முதலியவற்றிற்கும் ஆளப்பெறும் அச்சொல்லில் 'தெலேமா'வின் உறுதி குன்றுகிறது. மேலும், மத்தேயு 6:10இலும் 26:42இலும் அதே மொழிபெயர்ப்பு 'திருவுளம்' என்கிறது. 'திரு' என்னும் அடை பெற்ற இச்சொல்லை மனிதர் தம்மைக் குறித்து ஆள இயலாது. மத்தேயு 26:42இல் மனித நாட்டம் தனியே கூறப்படாமையால் அங்கு இத்தேர்வு பொருந்துகிறது எனலாம். ஆனால் நூல் முழுவதையும் ஒருங்கே கற்பவர்க்கு, இறைவனுக்கு உளம், மனிதருக்கு விருப்பம் என்னும் ஏற்றத்தாழ்வு மூலத்தில் இல்லாத வகையில் தோன்றிவிடுகிறது.

வினைச்சொல்லிலும் இழப்பு உண்டு. மேற்கூறிய மத்தேயுவின் இரு இடங்களிலும் கிரேக்கத் தொடர் ஒன்றே. சீடர்க்குக் கற்பித்த வேண்டுதலை இயேசு தம் துன்பவேளையில் தாமே சொல்கிறார் என்பதை அவ்வொற்றுமை காட்டுகிறது. அங்குள்ள வினை 'ஆகு' என்னும் பொருளது. ஐக்கிய மொழிபெயர்ப்பு முதலிடத்தில் 'செய்யப்படுவதாக' எனச் செயப்பாட்டு வினையையும், அடுத்த இடத்தில் 'ஆகக்கடவது' என்பதையும் அமைக்கிறது. திருவிவிலியம் 'நிறைவேறுக' என்றும் 'ஆகட்டும்' என்றும் கூறுகிறது. மூலத்திற்கு நேரான 'ஆகு' என்னும் வினை தமிழில் இயல்பாக இருந்தும், இரு மொழிபெயர்ப்புகளும் அதனை ஈரிடத்தும் ஆளவில்லை. எதிரொலி மறைந்தது.

வாழ்க்கைத் திட்டங்களை நேரே பேசும் யாக்கோபு 4:13-15 பகுதி இச்சிக்கலின் மறுபக்கம். வணிகம் செய்து பொருளீட்டத் திட்டமிடுவோரை அது கடிகிறது. எனினும் செயலைக் கைவிடச் சொல்லவில்லை. இறைவன் விரும்பினால் இன்னது செய்வோம் எனக் கூறுமாறு பணிக்கிறது. ஐக்கிய மொழிபெயர்ப்பில் உயிரோடிருத்தலும் நிபந்தனையாக அமைகிறது. திருவிவிலியத்திலோ அது இறைவிருப்பத்தின் விளைவாகிறது. ஏடுகளில் கிரேக்க வினையின் ஓர் உயிரெழுத்து குறிலாகவும் நெடிலாகவும் வேறுபடுவதோடு இது பொருந்துகிறது. இரண்டிலும் 'செய்வோம்' என்னும் தன்மைப் பன்மை வினை நிலைத்திருப்பது கருதத்தக்கது. ஒப்படைத்தவர் செயலற்றவர் அல்லர். வழக்கில் 'கர்த்தருக்குச் சித்தமானால்' என்பது பலவேளைகளில் முடிவைத் தள்ளிப்போடும் வாய்பாடாகச் சுருங்கியமைக்கு மொழிபெயர்ப்பு பொறுப்பன்று. 'செய்வோம்' என்னும் முற்றுவினையை விட்டுவிட்டு நிபந்தனை எச்சத்தை மட்டும் வழங்கும் வழக்கே பொறுப்பு.

எனவே, புதிய மொழிபெயர்ப்பாளர் முன்னுள்ள கடமை இறைவனுக்கு மேலும் உயர்ந்த சொல்லைத் தேடுவதன்று. மனிதருக்கும் பொருந்தும் வலிமையுள்ள சொல்லைத் தேடுவதே. விட்டுக்கொடுப்பவரிடம் விட்டுக்கொடுக்கத்தக்க ஒன்று இருந்தது என்பதை மொழி மறைத்துவிடுமானால், ஒப்படைப்பு வெறும் பணிவாகவே எஞ்சும்.