கட்டானாவும் நீள்வாளும்: தப்பான ஒரு போட்டி

ஜப்பானியக் கட்டானா உசத்தியா, ஐரோப்பிய வாள் உசத்தியா? வாள்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தால் எங்கே போனாலும் இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது. 2009-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'டெட்லியஸ்ட் வாரியர்' என்று ஒரு நிகழ்ச்சி வந்தது. அதில் வைக்கிங் வீரனையும் சாமுராயையும் கணினியில் மோதவிட்டு, சாமுராய் ஜெயித்ததாக அறிவித்தார்கள். வைக்கிங் காலம் 11-ஆம் நூற்றாண்டோடு முடிந்துவிட்டது. நாம் இன்று கட்டானா என்று சொல்லும் வாள், அதாவது கூர் மேலே பார்க்க இடுப்பில் செருகும் வாள், அதற்குச் சில நூற்றாண்டுகள் கழித்துத்தான் பரவலானது. கொள்ளுத்தாத்தாவுக்கும் கொள்ளுப்பேரனுக்கும் மல்யுத்தம் வைத்த கதை.

நிகழ்ச்சியைத் திட்டுவது சுலபம். ஆனால் இந்த ஒப்பீடு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனதில் எனக்குக் கிடைத்தது வேறு. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் இரும்பு. கட்டானாவை ஆயிரம் தடவை மடித்து அடித்தார்கள் என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஒரு மடிப்புக்கு அடுக்குகள் இரட்டிப்பாகும். 15 மடிப்பிலேயே 32,768 அடுக்கு. ஆயிரம் மடிப்பு என்றால் அடுக்குகளின் எண்ணிக்கை பிரபஞ்சத்தில் உள்ள அணுக்களைவிட அதிகமாகப் போய்விடும்! நிஜத்தில் கொல்லர்கள் மடித்தது பத்து, பதினைந்து தடவைதான். அதற்குமேல் மடித்தால் நஷ்டம். ஒவ்வொரு சூட்டிலும் கொஞ்சம் இரும்பும் கொஞ்சம் கார்பனும் எரிந்து போகும்.

சரி, எதற்காக மடித்தார்கள்? இரும்பு மணலையும் மரக்கரியையும் 'தாதாரா' என்ற களிமண் உலையில் போட்டு மூன்று பகல் மூன்று இரவு எரிப்பார்கள். ஷிமானே மாவட்டத்தில் இப்போதும் வாள் கொல்லர்களுக்காக அப்படி ஓர் உலை இயங்குகிறது. ஏறக்குறைய 10 டன் மணலும் 12 டன் கரியும் போட்டால் இரண்டரை டன் கட்டி கிடைக்கும். அதில் வாளுக்கு ஆகும் நல்ல உருக்கு ஒரு டன்கூடத் தேறாது. அந்தக் கட்டியும் ஒரே சீராக இருக்காது. ஒரு பக்கம் கார்பன் அதிகம், இன்னொரு பக்கம் குறைவு, நடுநடுவே கசடு. அடித்து மடிப்பது இதைச் சீர்செய்யத்தான், பரோட்டா மாவைப் பிசைகிற மாதிரி. மந்திரமெல்லாம் ஒன்றுமில்லை. சீரில்லாத பொருளிலிருந்து சீரான பொருளை எடுக்கும் அசாத்தியமான கைவேலை. என்னைக் கேட்டால் மந்திரக் கதையைவிட இதுதான் அந்தக் கொல்லனுக்கு மரியாதை.

ஐரோப்பியர்களும் இதே தொல்லையை வேறு வழியில் சமாளித்தார்கள். 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சட்டன் ஹூ வாள், முறுக்கிய இரும்புக் கம்பிகளைச் சேர்த்து அடித்துச் செய்தது. பிறகு நல்ல இரும்பு பெரிய கட்டிகளாகக் கிடைக்கத் தொடங்கியதும் அந்த முறுக்கு வேலையைக் கைவிட்டார்கள். அதை 'கலை அழிந்தது' என்று சொல்வோமா, 'வேலை மிச்சமானது' என்று சொல்வோமா?

ஜப்பானியக் கொல்லர்களும் 'சுத்தம்' பார்த்தவர்கள் இல்லை. தொக்குகவா இயேயாசுவுக்கு வாள் செய்த யாசுத்சுகு, கப்பலில் வந்த அயல்நாட்டு இரும்பைச் சேர்த்துச் செய்ததைக் கைப்பிடிக்குள் மறையும் அடிப்பகுதியில் பெருமையாகவே பொறித்து வைத்தார். 'நன்பன் தெத்சு', அதாவது தெற்கத்திக் காட்டுமிராண்டிகளின் இரும்பு. போர்த்துகீசியர்களும் டச்சுக்காரர்களும் கொண்டுவந்த சரக்கு அது. வாங்கியவர்கள் அதை மட்டம் என்று நினைத்திருந்தால் அப்படிப் பொறித்திருக்க மாட்டார்.

அடுத்து, சூடேற்றிக் குளிர்விக்கும் முறை. கட்டானாவின் முதுகில் களிமண்ணைத் தடிப்பாகவும் கூர்ப்பக்கம் மெல்லிசாகவும் பூசி, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவார்கள். கூர்ப்பக்கம் சட்டென்று குளிர்ந்து மிகக் கடினமாகும். முதுகு மெதுவாகக் குளிர்ந்து மென்மையாக நிற்கும். அந்த அழகான வளைவு பெரும்பாலும் இந்த நொடியில்தான் கூடுகிறது. இதற்கு ஒரு விலை உண்டு. கூர் மூளிபடலாம், வாள் வளைந்தால் வளைந்தபடியே நின்றுவிடும். நல்ல ஐரோப்பிய நீள்வாள் ஸ்பிரிங் மாதிரி. வளைந்து திரும்பவும் நிமிர்ந்துகொள்ளும், ஆனால் அதன் விளிம்பு கட்டானா அளவுக்குக் கடினமாக இருக்காது. எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டும் ஒன்று, ஒன்றரை கிலோவுக்குள்தான். ஐரோப்பிய வாள் பத்து கிலோ என்பதெல்லாம் சும்மா.

எதிரில் நிற்பவன் என்ன போட்டிருக்கிறான் என்பதுதான் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. ஐரோப்பாவில் 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் உடம்பு முழுக்கத் தகட்டுக் கவசம் வந்துவிட்டது. அதை எந்த வாளாலும் வெட்ட முடியாது. அதனால் வாள்முனை ஊசியானது. 1410 வாக்கில் இத்தாலியர் ஃபியோரே எழுதிய சண்டைக் கையேட்டைப் பாருங்கள். வாளின் நடுவை இடது கையால் பிடித்து, கவசத்தின் இடுக்குகளில் குத்தச் சொல்லிக்கொடுக்கிறார். பிடியின் குமிழால் முகத்தில் இடிப்பதும் உண்டு. இதெல்லாம் முரட்டுத்தனம் இல்லைங்க, பாடத்திட்டம்.

அப்படியானால் ஐரோப்பிய வாள் என்றாலே கனமான முரட்டுக் கம்பி, கட்டானா என்றாலே ஆன்மா என்ற எண்ணம் எங்கே பிறந்தது? 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் என்பது என் கணிப்பு. 1885-இல் எகர்ட்டன் காஸில் என்ற ஆங்கிலேயர் வாள்வித்தையின் வரலாற்றை எழுதினார். அவர் காலத்து மெல்லிய வாள் விளையாட்டுதான் உச்சம், இடைக்காலத்தில் இருந்தது வெறும் உடல்பலம் என்பது அவர் கட்சி. சொந்த முன்னோர்களை அவரே இறக்கிவிட்டார். 1899-இல் நிதோபே இனாசோ அமெரிக்காவில் இருந்தபடி, ஆங்கிலத்தில், 'புஷிதோ' எழுதினார். வாள்தான் சாமுராயின் ஆன்மா என்று அதில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. பொது இடத்தில் வாள் அணிவதை ஜப்பானிய அரசு தடை செய்து அப்போது 23 வருஷம் ஆகிவிட்டது! இல்லாமல் போன பொருளை வெளிநாட்டு வாசகனுக்கு அறிமுகப்படுத்தும் எழுத்து அது. இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்றைய ஒப்பீட்டின் எலும்புக்கூடு அப்படியே தெரிகிறது.

குரோசாவாவுக்கு இந்த மயக்கம் இல்லை. 'ஏழு சாமுராய்' (1954) படத்தில் சாகிற நான்கு சாமுராய்களும் துப்பாக்கிக் குண்டுக்குத்தான் சாகிறார்கள், வாளில் ஈடிணையில்லாத கியூசோ உட்பட. கடைசிச் சண்டையில் கிகுசியோ பல வாள்களை மண்ணில் நட்டு வைத்துக்கொள்கிறான். ஒரு வாள் அத்தனை பேருக்குத் தாங்காது என்று அவனுக்குத் தெரியும். மாறாக 'கில் பில்' (2003) ஹத்தோரி ஹன்சோவை மாபெரும் வாள்கொல்லனாக்கியது. வரலாற்று ஹன்சோ இயேயாசுவின் படையாள், கொல்லனே இல்லை.

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்கு, விட்டுத்தள்ளலாம் என்று தோன்றும். ஆனால் 1937 இருக்கிறது.

அந்த வருஷக் கடைசியில், ஜப்பானியப் படை நான்ஜிங்கை நோக்கிப் போகும்போது, இரண்டு இளம் அதிகாரிகள் யார் முதலில் நூறு பேரை வாளால் வெட்டுவது என்று போட்டி போட்டதாக ஒரு டோக்கியோ நாளிதழ் தொடர்ந்து செய்தி போட்டது. எண்ணிக்கையோடு, விளையாட்டுச் செய்தி மாதிரி. போருக்குப் பிறகு நான்ஜிங்கில் விசாரணை நடந்து 1948 ஜனவரியில் இருவரும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள்.

1970-களில் கதை திரும்பியது. எழுத்தாளர் யமமோட்டோ ஷிச்சிஹெய், ஜப்பானிய வாள் அத்தனை பேரை வெட்டத் தாங்காது, ஆகவே செய்தி பொய் என்று வாதிட்டார். 1937-இல் பெருமைக்காக ஊதப்பட்ட வாள், இப்போது மறுப்புக்காகச் சுருக்கப்பட்டது. வாளின் வரம்பு பற்றி அவர் சொன்னதில் உண்மை இருக்கலாம். மேலே நானே சொன்னேனே, கூர் மூளிபடும், வாள் வளையும் என்று. ஆனால் அந்த வாதம் இரண்டு பேர் எதிரெதிரே நின்று சண்டை போடுவதாக வைத்துக்கொள்கிறது. அந்த அதிகாரிகளில் ஒருவர் ஊர் திரும்பி ஒரு பள்ளியில் பேசியபோது, நேருக்கு நேர் சண்டையில் வெட்டியது சிலரைத்தான், மற்றவர்கள் சரணடைந்தவர்கள் என்று சொன்னதாக அதைக் கேட்ட மாணவர் ஒருவர் பின்னாளில் எழுதினார். கையை உயர்த்தி நிற்பவன் விஷயத்தில் கார்பன் சதவீதத்துக்கும் களிமண் பூச்சுக்கும் என்ன வேலை?

2003-இல் அதிகாரிகளின் குடும்பத்தார் பத்திரிகைகள் மீதும், இதைப் பற்றி எழுதிய ஹோண்டா கத்சுஇச்சி மீதும் அவதூறு வழக்குப் போட்டார்கள். 2005-இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2006-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.