'விபத்து' என்னும் சொல்லும் அதன் சுமையும்

வெம்பக்கோட்டை வட்டாரத்துத் தாயில்பட்டியில் பட்டாசு அறையொன்று வெடித்தால், மறுநாள் நாளிதழ்களில் அச்சாகும் சொல் 'விபத்து'; ஆங்கில ஏடுகளிலோ 'ஆக்சிடென்ட்'. மெய்யியலில் நெடுங்காலம் பயின்ற இந்த ஆங்கிலச் சொல்லின் பொருளை ஆராய்வது, நம் தமிழ் வழக்கைச் சீர்தூக்கிப் பார்க்கவும் உதவும்.

'மேல் விழுதல்', 'நேர்தல்' என்னும் பொருளுடைய இலத்தீன் வினையினின்று பிறந்தது அச்சொல். அரிஸ்டாட்டில் கிரேக்கத்தில் வகுத்த கருத்தை அது ஏந்தி வந்தது. ஒரு பொருளைச் சார்ந்திருப்பினும் அப்பொருளின் இயல்புக்கு இன்றியமையாததல்லாத பண்பு என்பது அதன் முதற்பொருள். சுவரின் வெண்மை அத்தகையது. வண்ணம் மாறினும் சுவர் சுவரே. நற்கருணை இறையியலில் புனித தோமா அக்குவினாஸ் அப்பத்தின் நிறத்தையும் சுவையையும் இச்சொல்லாலேயே குறித்தார்.

மற்றொரு வரையறையும் உண்டு. எப்போதும் நிகழாததும், பெரும்பாலும் நிகழாததும் எதுவோ அதுவே தற்செயல். இதற்கு அரிஸ்டாட்டில் காட்டும் சான்று நம் கரிசல் மண்ணுக்கும் பொருந்தும்: கடுங்கோடையில் குளிர் அடித்தால் அது தற்செயல், வெயில் கொளுத்தினால் அன்று.

இவ்வளவுகோலைக் கொண்டு நம் வட்டாரத்தை அளந்து பார்ப்போம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் மடிந்தனர். அதே ஆண்டு ஜூனில் தாயில்பட்டியிலேயே, பட்டாசு செய்யப்பட்ட வீடொன்று வெடித்து உயிர்களைப் பறித்தது. இது கோடையின் குளிரா, கோடையின் வெயிலா?

உராய்வுதானே காரணம், தொழிலாளியின் கவனக்குறைவுதானே என்பர் சிலர். உராய்வை நாம் மறுக்கவில்லை. ஆனால், ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என்று சட்டம் வரையறுப்பது ஏன்? உராய்வு நேரும் என்பதை அது முன்னரே அறிந்திருப்பதால் அன்றோ! எதிர்பார்த்து விதி வகுத்த ஒன்றை, விதி மீறப்பட்டபின் எதிர்பாராதது என்பது முரண்.

இம்முரணைப் பிறரும் கண்டுள்ளனர். ஆபத்தான தொழிலை நடத்துவோர், தம் கவனக்குறைவு மெய்ப்பிக்கப்படாவிடினும் இழப்புக்கு முழுப்பொறுப்பாவர் என்று 1986இல் மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. காயங்களுள் பெரும்பாலானவை முன்கூட்டியே தடுக்கத்தக்கவை என்பதால், 'ஆக்சிடென்ட்' என்னும் சொல்லையே தன் பக்கங்களிலிருந்து விலக்குவதாக 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் அறிவித்தது.

'விபத்து' என்னும் சொல்லின்மேல் பழி இல்லை. வடமொழியில் அதற்குப் பேரிடர் என்பதே பொருள். காரணமின்மை அதில் இல்லை. ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக நின்று நின்று, 'யாரும் பொறுப்பல்லர்' என்னும் நிழலையும் அது ஏற்றுக்கொண்டது. 'வெடிப்பு' என்று எழுதினால் நிகழ்ந்தது நிகழ்ந்தபடி நிற்கும். காரணம் யாது என்னும் வினாவும் திறந்தே இருக்கும்.

இதில் தற்செயல் அறவே இல்லையா? உண்டு. அன்று அந்த அறையில் இருந்தவர் இவர் என்பது தற்செயல். எவரேனும் ஒருவர் இருந்திருப்பார் என்பது தற்செயல் அன்று. இவ்வேறுபாட்டை நம் எழுத்து காக்குமாயின், இறந்தவரின் வீட்டார் கேட்கும் 'ஏன்' என்னும் கேள்வி 'விதி' என்னும் விடையோடு முடிந்துவிடாது.