வீட்டுக்கு அனுப்பிய பிறகு

கும்பகோணத்திலிருந்து கீழ்ப்பாக்கம் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். அந்த இடத்தைக் கண்ணால் பார்த்திராதவர்கள்கூட எங்கள் பக்கத்தில் அதன் பெயரை வசையாகச் சொல்வார்கள். யாராவது கொஞ்சம் ஏறுமாறாகப் பேசிவிட்டால் போதும்: "இவனைக் கீழ்ப்பாக்கத்துலதான் சேர்க்கணும்." சென்னையில் 1794இல் கம்பெனி ஆட்சியின்போது தொடங்கிய மனநோய் விடுதி, 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்தது. உள்ளே போனவர் திரும்புவதில்லை என்று ஊர் நம்பியது. அந்த வசைக்குள் இருப்பது கேலியைவிட அதிகமாக அந்த அச்சம்தான்.

அங்கே 1959இல் பணிக்கு வந்தவர் சாரதா மேனன். 1923இல் மங்களூரில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, பின்னாளில் நிம்ஹான்ஸ் ஆன பெங்களூர் நிறுவனத்தில் மனநல மருத்துவம் பயின்றவர். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படுபவர். 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கத்தின் கண்காணிப்பாளர். ஓய்வு பெற்ற பின் 1984இல் மனச்சிதைவு நோய்க்கென்றே ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். 1992இல் பத்மபூஷண். 2021 டிசம்பரில், 98 வயதில் மறைந்தார். இந்த விவரங்கள் அஞ்சலிக் குறிப்புகளில் சரியாகவே வந்தன. அவருடைய நடைமுறை இன்று எங்கள் டெல்டாவில் எந்த நிலையில் நிற்கிறது என்பது அங்கே வரவில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

அவர் செய்ததைச் சுருக்கமாகச் சொன்னால், கதவைத் திறந்தார். புறநோயாளிப் பிரிவை வளர்த்தார். மாவட்ட மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் வரப் பாடுபட்டார். உள்ளே இருந்தவர்களுக்குத் தொழில் பயிற்சி கொடுத்தார். உறவினர்களைச் சிகிச்சைக்குள் அழைத்தார். மருந்தால் குரல்கள் அடங்கியவரை வீட்டுக்கு அனுப்புவதும், அவரை ஒரு வேலையில் நிறுத்துவதும் சேர்ந்தே ஒரே சிகிச்சை என்பது அவர் கொள்கை. குடும்பத்தைச் சேர்த்துக்கொள்வது அவர் ஒருவரின் கண்டுபிடிப்பு அல்ல. அமிர்தசரஸில் வித்யாசாகர் 1950களில் மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் அடித்து உறவினர்களைத் தங்கவைத்தார். வேலூர் சிஎம்சியின் மனநல மையம் 1957இல் தொடங்கியபோதே நோயாளியோடு ஒருவர் தங்க வேண்டும் என்பது விதி. ஆனால், பல நூறு பேரை அடைத்துவைத்துப் பழகிய ஓர் அரசு நிறுவனத்துக்குள் இருந்துகொண்டே அதன் போக்கை மாற்றுவது வேறு காரியம். அதற்குப் பொறுமையும் பிடிவாதமும் சேர்ந்து வேண்டும். அவை அவரிடம் இருந்தன.

இந்த நடைமுறையின் பலத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நோய் வந்தவரை மனிதர்களோடு வைத்திருப்பது எவ்வளவு பெரிய மருந்து என்பதற்கு உலகளவில் சான்று தேடியவர்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1960களின் இறுதியில் தொடங்கிய ஒப்பாய்வில் இந்தியாவிலிருந்து ஆக்ராவும், அடுத்த ஆய்வில் சண்டிகரும் இடம்பெற்றன. மனச்சிதைவு வந்தவர்கள் பணக்கார நாடுகளைவிட இங்கே நன்றாகத் தேறுகிறார்கள் என்று அவை சொன்னபோது பலர் வியந்தார்கள். கூட்டுக் குடும்பம், விவசாய வேலை என்று காரணங்களும் சொல்லப்பட்டன.

அந்த இரண்டாவது காரணத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர் நினைவுக்கு வரும். அரிசிலாற்றுக் கரைக் கிராமங்களில் தெருவுக்கு ஒருவராவது அப்படி இருந்தார். தனக்குத் தானே பேசிக்கொள்வார். சில நாள் குளிக்க மாட்டார். திடீரென்று காணாமல் போய் இரண்டு நாள் கழித்து வருவார். ஆனால் நடவு தொடங்கிவிட்டால் அவருக்கும் ஓர் இடம் இருந்தது. நாற்று முடியைச் சுமந்து வயலில் ஆங்காங்கே வீசுவார். மடை திறந்திருக்கிறதா என்று பார்த்துவருவார். களத்தில் நெல்லைக் காலால் கிளறிவிடுவார், வைக்கோல் உதறுவார், மாட்டை ஓட்டிப்போவார். அந்த வேலைகளுக்கு வேகம் தேவையில்லை. ஒருநாள் வராவிட்டாலும் யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். பத்துப் பேர் நடுவில் பதினோராவது ஆளாக நிற்க முடிந்தது. குறுவை, தாளடி, சம்பா என்று சுற்றிவந்த அந்தக் காலக்கணக்கே அவர் நாளுக்கு ஓர் ஒழுங்கைத் தந்தது.

அதைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் அவருக்குச் சோறுதான் கூலி. பண்ணையில் அடிவாங்கியவர்கள் உண்டு, சங்கிலியில் கிடந்தவர்கள் உண்டு. எந்தச் சாதித் தெருவில் பிறந்தார் என்பதைப் பொறுத்துத்தான் அவர் மேல் ஊர் காட்டிய இரக்கமும் இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் முடிவையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்று 2008இல் ஒரு விரிவான கட்டுரை வந்தது. அதை எழுதியவர்களில் ஒருவர், சாரதா மேனனுக்குப் பின் ஸ்கார்ஃபை வழிநடத்திய ஆர். தாரா. குருவின் நம்பிக்கைக்கு ஆதரவாகத் தெரிந்த ஒரு முடிவையே மாணவி கேள்விக்கு உட்படுத்தியதை நான் பெரிதாக மதிக்கிறேன். அந்த அமைப்பு உயிரோடு இருப்பதற்கு அதைவிட வேறு அடையாளம் வேண்டாம்.

இந்த நடைமுறையில் குறை எங்கே இருக்கிறது? 'குடும்பம் பார்த்துக்கொள்ளும்' என்ற வாக்கியத்தில் இருக்கிறது. இலக்கணப்படி அந்த எழுவாய் அஃறிணை. வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் அது உயர்திணை, பெண்பால், ஒருமை. அம்மாவாக இருக்கும், இல்லையென்றால் மனைவி, அல்லது கல்யாணம் ஆகாத தங்கை. காலையில் மாத்திரையைக் கையில் கொடுத்து வாயில் போட்டதைச் சரிபார்ப்பவரும், மாதத்துக்கு ஒருமுறை பஸ் ஏறித் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி வரிசையில் நிற்பவரும் அவர்தான். கதவைத் திறந்தபோது அந்த வேலை மருத்துவமனையிலிருந்து மறைந்துவிடவில்லை; சம்பளம் வாங்கியவர்களின் கையிலிருந்து சம்பளமில்லாத ஒரு கைக்கு மாறியது.

நோயே பெண்ணுக்கு வந்தால் கணக்கு இன்னும் கொடுமையானது. கணவரைப் பிரிந்த, விவாகரத்தான 76 பெண்களைப் பற்றி ஸ்கார்ஃப் ஆய்வாளர்கள் 2003இல் எழுதினார்கள். மனச்சிதைவு வந்த மனைவியைப் பிறந்த வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுவதும், அதன் பிறகு ஒரு ரூபாய்கூட ஜீவனாம்சம் வராததும் அங்கே பதிவாகியிருக்கின்றன. எந்தக் குடும்பத்துக்குத் திருப்பி அனுப்புவது? வயதான பெற்றோருக்கு. அவர்களுக்குப் பின்?

சாரதா மேனன் இதை அறியாதவர் அல்ல. வேலையை அவர் விடாமல் வலியுறுத்தியதற்குக் காரணமே இதுதான் என்று நினைக்கிறேன். வேளைக்கு மருந்து, அதோடு கையில் ஒரு வருமானம் என்றால் அம்மாவின் சுமையில் பாதி இறங்கும். வீட்டில் அந்த மனிதருக்கு ஒரு குரலும் கிடைக்கும். ஆனால் அவருடைய நடைமுறையை அரசு எடுத்துக்கொண்டபோது மலிவான பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. 1982இல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. மாவட்டத் திட்டம் 1996இல் தொடங்கியபோது நாட்டில் முதலில் சேர்ந்த நான்கு மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. எங்களுக்கு அடுத்த மாவட்டம். மாத்திரை அருகில் வந்தது. அது நிச்சயமாகப் பெரிய மாற்றம். 2010இல் ஸ்கார்ஃப், புதுக்கோட்டைக் கிராமங்களுக்குத் திரை பொருத்திய பேருந்தை அனுப்பி, சென்னை மருத்துவரை நோயாளிக்கு எதிரே உட்காரவைத்தது. இவ்வளவும் நடந்தும் வேலை மட்டும் எந்த வண்டியிலும் வரவில்லை.

இருந்த வேலையும் போய்க்கொண்டிருக்கிறது. அறுவடை இயந்திரம் ஒரு மணி நேரத்தில் ஏக்கரை முடித்துவிடுகிறது. நெல் களத்தைத் தொடாமலே மூட்டையாகிறது. நேரடி விதைப்பில் நாற்று முடிக்கே இடமில்லை. பதினோராவது ஆள் நின்ற இடத்தில் இப்போது முதல் ஆளுக்கே வேலை இல்லை. மருத்துவர் "ஏதாவது வேலையில ஈடுபடுத்துங்கம்மா" என்று சீட்டு எழுதும்போது, அந்த அம்மாவின் மனக்கண்ணில் எந்த வயலும் தெரிவதில்லை. கீழ்ப்பாக்கத்தில் அறுபதுகளில் உருவான நடைமுறை, வெளியே இன்னும் அந்தக் காலத்து ஊர் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறது.

அந்த வெற்றிடத்தில்தான் ஜனங்கள் கோயிலுக்குப் போகிறார்கள். திருவிடைமருதூரில் பிரம்மஹத்தி தோஷம் நீங்கக் கிழக்கு வாசலில் நுழைந்து வேறு வாசல் வழியே வெளியேறுகிறார்கள். திருபுவனத்தில் நடுக்கம் தீர்க்கும் கம்பகரேசுவரரிடம் நிற்கிறார்கள். குணசீலத்தில் ஒரு மண்டலம் தங்குகிறார்கள். நாகூர், வேளாங்கண்ணி, ஏர்வாடி வரை போகிறார்கள். இதை அறியாமை என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அங்கே யாரும் கேலி செய்வதில்லை, நாளுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது, எதிர்பார்க்க ஒரு முடிவுநாள் இருக்கிறது. தமிழ்நாட்டின் ஒரு சிறு கோயிலில் தங்கிய 31 பேரைக் கவனித்த ஓர் ஆய்வு 2002இல் வந்தது. சராசரியாக ஆறு வாரங்களில் அவர்களின் நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தன. ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களில் 28 பேர் தீயில் இறந்ததையும் நாம்தான் பார்த்தோம். அதன் பிறகு குணசீலம் மனநல மருத்துவரைக் கோயில் வளாகத்துக்குள்ளேயே வரவழைத்தது. நல்ல காரியம். மண்டலம் முடிந்து வீடு திரும்புபவருக்கு மறுநாள் காலை என்ன வேலை என்பதற்கு அங்கேயும் பதில் இல்லை.

பதில் வயலில் இல்லாவிட்டால் பட்டறையில் தேடலாம் என்று எனக்குப் படுகிறது. கும்பகோணத்தைச் சுற்றி இன்னமும் கைவேலை இருக்கிறது. திருபுவனத்தில் பட்டுத்தறி, நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு, சுவாமிமலையில் சிலை, படுகையில் வெற்றிலை. நூல் சுற்றுவது, விளக்கின் தண்டை அராவி மெருகேற்றுவது, வெற்றிலையைக் கவுளியாக அடுக்குவது எல்லாம் துண்டு துண்டாகப் பிரிந்த வேலைகள். தன் வேகத்தில் செய்யலாம். பக்கத்தில் ஆள் இருக்கும். எண்ணிக்கைக்குக் கூலி உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டம் அரசு வேலையில் ஒதுக்கியிருக்கும் 4 விழுக்காட்டில், மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களோடு பங்கிட்டுக்கொள்வது ஒரு விழுக்காடு. அந்த ஒரு விழுக்காட்டின் வாசல்வரை வருவதற்கே படிப்பும் சான்றிதழும் வேண்டும். பட்டறைக்காரருக்கு வேண்டியது அவற்றைவிடச் சின்ன விஷயம்: பையன் ஒருநாள் பித்துப்பிடித்தாற்போல் உட்கார்ந்துவிட்டால் யாரை அழைப்பது என்று ஒரு போன் நம்பர், அன்றைய கூலியை யார் ஈடுசெய்வார்கள் என்று ஒரு உறுதி. மாவட்ட மனநலக் குழுவில் சமூகப் பணியாளருக்கு இடம் உண்டு. அவர் மாதத்தில் நான்கு நாள் மருந்து வரிசையை விட்டு எழுந்து நாச்சியார்கோயில் பட்டறைகளுக்குப் போய்வரலாம்.