இருளை இயக்குபவர்: களியாட்டப் பூங்கா நினைவுகள் பற்றிய ஒரு விமர்சனக் குறிப்பு

மேற்குலகின் பழைய களியாட்டப் பூங்காக்களைப் பற்றிய பிள்ளைப்பருவ நினைவுகள் இன்று ஒரு தனி எழுத்து வகையெனக் கொள்ளத்தக்க அளவுக்குப் பெருகியுள்ளன. அவற்றுள் இரண்டு பொருள்கள் மீண்டும் மீண்டும் பேசப்படுகின்றன. ஒன்று இருட்டுச் சவாரி. மற்றையது வேடிக்கை வீடு. முன்னையதில், இருவர் அமரக்கூடிய சிறு வண்டி இருண்ட கட்டடமொன்றினுள் வளைந்து வளைந்து செல்லும். எலும்புக்கூடும் பேயுருவும் திடீரென ஒளிபெற்று மறையும். பின்னையதில் பார்வையாளர் நடந்தே செல்வர். உருளும் பீப்பாய், ஆடும் தளம், உருவத்தைக் கோணலாக்கும் கண்ணாடி, தளத்திலிருந்து சீறும் காற்று என்பன அவர்களை அலைக்கழிக்கும்.

இந்நினைவெழுத்தின் அமைப்பு ஏறத்தாழ மாறாதது. தந்தையின் கையைப் பற்றியபடி வரிசையில் நிற்றல், வண்டி கதவை மோதித் திறத்தல், இருள், அலறல், மறுபுறத்தில் வெயில். பின்னர், பூங்கா இடிக்கப்பட்டு அவ்விடத்தில் அடுக்குமாடி வீடுகள் எழுந்துவிட்டன என்ற பெருமூச்சு. அச்சமூட்டிய பொம்மைகள் ஒவ்வொன்றாக நினைவுகூரப்படுகின்றன. விசையருகே நின்ற மனிதரோ அரிதாகவே நினைவுகூரப்படுகிறார். இந்த மறதி தற்செயலானதன்று என்பது எனது கருத்து.

இத்தகைய சவாரி எதிலும் ஏறியிராத ஒருவர் அதனைப் பற்றித் தீர்ப்புக் கூறலாமா என்று கேட்கப்படலாம். நம் ஊர்க் காணிவல்களில் நாம் கண்டவை இராட்டினமும் மரணக்கிணறும். அன்றியும், பதுங்குகுழியின் இருளை அறிந்தவர்களின் பிள்ளைகளாகிய எமக்கு, காசு கொடுத்து இருளுக்குள் செல்லும் வழக்கமே முதலில் விளக்கம் வேண்டி நிற்பது. ஆயினும் அந்தத் தூரம் விமர்சனத்துக்குத் தடையென நான் கருதவில்லை. நினைவை எழுதுபவரும் தமது சவாரியிலிருந்து ஐம்பது அறுபது ஆண்டுகள் தள்ளியே நிற்கிறார். எமக்கு முன்னுள்ளது சவாரியன்று, அவருடைய எழுத்து.

முதலில் இக்கலையின் பொருளாதார அடித்தளத்தை நோக்குதல் வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவின் ட்ராம் கொம்பனிகள் தம் பாதைகளின் எல்லையில் பூங்காக்களை அமைத்தன. வார இறுதியில் வெறுமையாக ஓடிய வண்டிகளை நிரப்புவது அவற்றின் நோக்கம். இங்கிலாந்தின் பிளக்பூல் கடற்கரையை வளர்த்தது லங்காஷயர் பஞ்சாலைத் தொழிலாளரின் வருடாந்த விடுமுறை. வாரமெல்லாம் இயந்திரத்தோடு மாரடித்தவர்கள் ஓய்வுநாளிலும் இயந்திரத்தினாலேயே மகிழ்விக்கப்பட்டனர்.

ஆரம்பகால இருட்டுச் சவாரிகள் நீரிற் சென்றவை. பென்சில்வேனியாவின் கெனிவுட் பூங்காவில் 1901இல் அமைந்த ‘பழைய ஆலை’ அத்தகையது. கால்வாய் கட்டுவதும் நீரை ஓடவைப்பதும் பெருஞ்செலவு பிடிக்கும் வேலைகள். நியூ ஜேர்சியில் சிறு பூங்காவொன்றை நடத்தியவர்களுள் ஒருவரான லியோன் கசிடியால் அச்செலவைத் தாங்க இயலவில்லை. எனவே 1920களின் இறுதியில், ஒற்றைத் தண்டவாளத்தில் மின்சாரத்தால் ஓடும் வண்டியொன்றை அவர் உருவாக்கினார். பாதையின் வளைவுகளை நோக்கி, ‘பிறெற்சல்’ என்ற பின்னற் பலகாரத்தின் பெயரே அவருடைய கொம்பனியின் பெயராயிற்று. தமிழில் ‘முறுக்கு வண்டி’ என்றால் பொருள் பெரிதும் சிதையாது. இவ்வண்டி 1930இல் பிளக்பூலுக்குச் சென்றபோது, பலகாரத்தின் பெயர் ஆங்கிலேயருக்குப் பழக்கமற்றதாயிருந்தது. ஆர்னல்ட் ரிட்லி எழுதி 1925இல் மேடையேறிய நாடகமொன்றின் தலைப்பை எடுத்து, ‘பேய்ப் புகையிரதம்’ என்று அதற்குப் பெயரிட்டனர். பின்னர் அப்பெயர் பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இவ்வகைச் சவாரி முழுவதற்கும் பொதுப்பெயராயிற்று.

செலவைச் சுருக்கிய அந்த எளிமையிலிருந்தே கலையும் பிறந்தது. பாதை மீண்டும் மீண்டும் தன்னருகே வளைந்து வருவதால் சிறு கொட்டகை பெருங்கட்டடமாகத் தோன்றும். வண்டி கடந்து செல்கையில் விசையொன்று தட்டுப்பட, விளக்கு ஒரு கணம் எரியும், காகிதக்கூழ்ப் பொம்மை அசையும், மறுகணம் இருள். அப்பொம்மையை நண்பகலில் முற்றத்தில் வைத்துப் பார்த்தால் சிரிப்பே வரும். ஒரு கணமே காட்டப்படுவதால் மிகுதியைப் பிள்ளையின் மனம் நிரப்பிக்கொள்கிறது. சவாரி நீடித்தது ஓரிரு நிமிடங்கள்; நினைவிலோ அது முடிவற்ற சுரங்கம். 1969இல் டிஸ்னிலாந்தில் திறக்கப்பட்ட பேய் மாளிகை வேறு வழியைக் கண்டது. அங்கு இடைவிடாது ஓடும் இருக்கைகள், இயக்குநரொருவர் கமராவைத் திருப்புவது போலத் தாமே திரும்பி, பார்க்கவேண்டியதைப் பார்க்க வைக்கின்றன. தொழில்நுட்பத்தில் அது மேம்பட்டது. ஆயின் பார்வையாளரிடம் அது விட்டுவைக்கும் வேலை குறைவு. பழைய கொட்டகைகள் போற்றப்படுவதற்கு வெறும் ஏக்கம் மட்டுமே காரணமன்று. அதில் ஓர் அழகியல் நியாயமும் உண்டு.

அந்த நியாயத்தை ஏற்றுக்கொண்ட பின்னரே மறுபக்கத்தைப் பேச முடியும். சான் பிரான்சிஸ்கோவில் 1972இல் மூடப்பட்ட ‘பிளேலாண்ட்’ பூங்காவின் வேடிக்கை வீட்டில் ‘சிரிக்கும் சால்’ என்ற பெண் பொம்மை இருந்தது. ஆளுயரத்தை விஞ்சிய அது குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. மக்களை உள்ளே அழைக்கவென வைக்கப்பட்ட அச்சிரிப்பே பிள்ளைகள் பலருக்குப் பூங்காவின் மிகப்பெரிய பயங்கரமாயிற்று. ஆனால் சிரிப்பு பொம்மையினுடையதன்று; மறைவிலிருந்த இசைத்தட்டுக் கருவியினுடையது. தட்டுகள் ஓடி முடிந்ததும் ஊழியர் ஒருவர் மீண்டும் முதலிலிருந்து ஓடவிடவேண்டும். நாள் முழுதும் அச்சிரிப்பைக் கேட்டபடி உழைத்த அந்த ஊழியர் எழுதிய நினைவுக் குறிப்பொன்று கிடைக்குமாயின், நூறு ஏக்கக் கட்டுரைகளுக்கு அது ஈடாகும் என்பேன்.

நியூயோர்க்கின் கோனி ஐலன்டில் ஜோர்ஜ் ரில்யூ 1897இல் தொடங்கிய ‘ஸ்ரீப்பிள்சேஸ்’ பூங்காவிலோ, இயக்குபவர் மறைந்திருக்கவில்லை. இயந்திரக் குதிரைகளில் ஓடி முடித்தவர்கள் வெளியேறும் வழி ஒரு சிறு மேடைக்கு இட்டுச் சென்றது. அங்கு காற்று பீறிட்டுப் பெண்களின் பாவாடையைத் தூக்கும். கோமாளியொருவர் ஆண்களை மின்கோலால் தீண்டுவார். எதிரே ஆசனங்களில் ஒரு கூட்டம் அமர்ந்து சிரிக்கும். அவமானப்பட்டவர் மேடையிலிருந்து இறங்கி அதே ஆசனங்களில் அமர்ந்து, அடுத்து வருபவரைப் பார்த்துச் சிரிக்கலாம். முதலாளித்துவப் பொழுதுபோக்கின் முழு இலக்கணமும் இந்த ஏற்பாட்டில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. சிரிப்பின் விலை இன்னொருவரின் மானம். அதனைச் செலுத்தியவருக்குக் கிடைக்கும் இழப்பீடு, தாமும் சிரிக்கும் உரிமை. 1964 வரை இயங்கிய இப்பூங்காவை நினைவுகூர்வோர் சிலர் இதனைக் கள்ளங்கபடமற்ற காலத்தின் விளையாட்டு என்கின்றனர். மேடையில் நின்ற பெண்களைக் கேட்காமல் அவ்வாறு சொல்வது எளிது.

இயக்குபவர் என்னும் பிரச்சினையை நேருக்கு நேர் எடுத்துக்கொண்ட ஆக்கம் என நான் அறிந்தது, அமெரிக்க எழுத்தாளர் ஜோன் பார்த் 1968இல் வெளியிட்ட தொகுதியிலுள்ள ஒரு சிறுகதை. வேடிக்கை வீட்டில் வழி தவறுதல் என்ற பொருள்படும் அதன் தலைப்பே தொகுதிக்கும் தலைப்பு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், அமெரிக்கச் சுதந்திர தினத்தன்று, ஒரு குடும்பம் மேரிலன்டின் ஓஷன் சிற்றிக்குச் செல்கிறது. பதின்மூன்று வயது அம்புறோஸ், அவன் தமையன், இருவரையும் ஈர்க்கும் மக்டா என்ற சிறுமி ஆகியோர் வேடிக்கை வீட்டினுள் நுழைகின்றனர். மற்றவர்கள் சிரித்து வெளியேற, அம்புறோஸ் வழி தவறுகிறான். கதை நேராகச் செல்வதில்லை. கதைசொல்லி இடையிடையே குறுக்கிட்டுப் புனைகதை உத்திகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறான். இவ்வுத்தி சில இடங்களில் சலிப்பூட்டுகிறது என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் ஒரு காட்சி மனத்தை விட்டு அகலாதது. இருட்டில் அலையும் சிறுவன் சுவரின் இடுக்கொன்றினூடாகப் பார்க்கிறான். உள்ளே மங்கிய மின்குமிழின் கீழ், விசைகளுக்கருகே, முக்காலியில் அமர்ந்து ஒரு கிழவர் தூங்கி விழுகிறார். எல்லாத் திகைப்புக்கும் பின்னால் இருந்தது இவ்வளவுதான்.

நினைவெழுத்தாளர் மறந்த மனிதரை பார்த் கண்டுவிட்டார். ஆனால் கண்டதும் அவரை உருவகமாக்கிவிடுகிறார். கிழவர் ஆசிரியராகிறார், வேடிக்கை வீடு புனைகதையாகிறது. தானும் பிறருக்காக இத்தகைய வீடுகளைக் கட்டி மறைவிலிருந்து இயக்குவதெனச் சிறுவன் முடிவு செய்கிறான். அதனினும் உள்ளே கைகோத்துச் செல்லும் காதலருள் ஒருவனாக இருத்தலே அவன் விருப்பம் என்பதையும் கதை மறைக்கவில்லை. கலைஞனின் தனிமையை இதனினும் கூர்மையாகச் சொல்லுதல் அரிது. எனினும் விசையருகே தூங்குபவர் கூலிக்கு நிற்கும் ஒரு மனிதரும் ஆவார் என்ற எண்ணம் கதைக்கு வெளியே தள்ளப்பட்டுவிடுகிறது.

அதே மேரிலன்டில், தலைநகர் வாஷிங்டனுக்கு அருகே, கிளென் எக்கோ என்றொரு பூங்கா இருந்தது. கறுப்பின மக்களுக்கு அங்கே அனுமதியில்லை. 1960 ஜூன் 30இல் ஹவார்ட் பல்கலைக்கழக மாணவர்களை உள்ளிட்ட குழுவொன்று உள்ளே சென்று குதிரை இராட்டினத்தில் அமர்ந்தது. ஐவர் கைது செய்யப்பட்டனர். கோடைகாலம் முழுவதும் அயலவரும் சேர்ந்து வாயிலில் மறியல் செய்தனர். 1961இல் பூங்கா எல்லோருக்கும் திறக்கப்பட்டது. கைதானோருக்கெதிரான தண்டனையை 1964இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் இரத்துச் செய்தது. பாதுகாப்பாக அஞ்சி விளையாடுதலும் ஓர் உரிமையாக, அதுவும் சிலருக்கே உரியதாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வேலிக்கு வெளியே வளர்ந்த பிள்ளைகளின் நினைவில் இருட்டுச் சவாரிக்கு இடமேது?

பாதுகாப்பு என்ற சொல்லை இங்கு வேண்டுமென்றே எடுத்தாள்கிறேன். பிள்ளை இருளினுள் அலறி மகிழ்வது, வண்டி மறுபுறத்தில் வெளிவரும் என்ற நம்பிக்கையினாலேயே. அந்நம்பிக்கை பேயின்மீது வைக்கப்பட்டதன்று. கொட்டகையைக் கட்டியவர்மீதும் நடத்துபவர்மீதும் வைக்கப்பட்டது. சிட்னி லூனா பூங்காவின் பேய்ப் புகையிரதம் 1935 முதல் அந்நம்பிக்கையின்மேல் ஓடியது. 1979 ஜூன் 9ஆம் திகதி இரவு அது தீப்பற்றியது. ஒரு தந்தையும் அவருடைய இரு புதல்வர்களும், ஒரே பாடசாலையின் மாணவர்கள் நால்வருமாக எழுவர் இறந்தனர். தீயின் காரணத்தை மரண விசாரணை நிறுவவில்லை. அது திட்டமிட்டு மூட்டப்பட்டதோ என்ற வினாவை 2021இல் அவுஸ்திரேலிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தொலைக்காட்சித் தொடரொன்று மீண்டும் எழுப்பியது. ஐந்தாண்டுகளின் பின், 1984 மே 11இல், நியூ ஜேர்சிப் பூங்காவொன்றில் கொள்கலன் வண்டிகளை இணைத்து அமைத்த ‘பேய்க் கோட்டை’யில் எட்டு இளைஞர் மாண்டனர். தீயணைப்பு நீர்த் தெளிகருவிகள் அங்கு இருக்கவில்லை. இத்தகைய கட்டடங்களுக்கு அவற்றைக் கட்டாயமாக்கும் விதிகள் அதன் பின்னரே அமெரிக்காவில் வலுப்பெற்றன.

நினைவெழுத்து எதனைப் போற்றியதோ, அதுவே இங்கு கொன்றது: வழி தெரியாத வளைவுகள், மரமும் துணியும் காகிதக்கூழும் அடைத்த இருள். தப்பி வந்தவர்களும் பிள்ளைப்பருவ நினைவுகளை உடையவர்களே. ஏக்கக் கட்டுரைகளோடு அவர்களுடைய சாட்சியங்களையும் சேர்த்து வாசித்தாலன்றி இவ்வெழுத்து வகை முழுமை பெறாது.

பார்த்தின் கிழவர் 1968இல் தூங்கியபோது அது ஆசிரியரைப் பற்றிய உருவகமாக மட்டும் இருந்திருக்கலாம். இன்று அப்பக்கத்தை வாசிக்கையில் எனது கண் அவருடைய முகத்தில் நிற்பதில்லை. அவருடைய தலைக்கருகே திறந்து கிடக்கும் மின்னுருகிப் பெட்டியில் அது நிற்கிறது. சுவருக்கு அப்பால், வழி தெரியாமல் ஒரு சிறுவன் தடவித் தடவி நடந்துகொண்டிருக்கிறான்.