உழைக்கிற உடம்பு: ஆண் கருத்தடையும் ஆண்மை பற்றிய எண்ணங்களும்

இனிக் குழந்தை வேண்டாம் என்று ஓர் இணையர் முடிவெடுத்த பிறகு, அந்த முடிவை யாருடைய உடல் ஏற்க வேண்டும் என்ற கேள்வி தமிழ்நாட்டுக் குடும்பங்களில் பெரும்பாலும் எழுவதே இல்லை. மனைவியின் உடல்தான் என்பது பேசாமலே தீர்மானமாகிவிடுகிறது. 2019-21 ஆண்டுகளில் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, மணவாழ்வில் இருக்கும் 15 முதல் 49 வயதுப் பெண்களில் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் 57.8 விழுக்காடு, கணவர் செய்துகொண்ட இணையரோ 0.1 விழுக்காடு. இந்திய அளவில் இவை முறையே 37.9, 0.3. இந்த இடைவெளிக்கு ஆண்களின் அறியாமையைக் காரணம் காட்டுவது வழக்கம். ஆனால் ஆண் என்றால் இப்படித்தான் என்று முன்கூட்டியே வார்த்துவைக்கப்பட்ட எண்ணம் வீட்டுக்குள் மட்டும் வாழவில்லை. அதைப் போக்க வந்த அரசுப் பரப்புரையே அதற்கு ஊட்டம் கொடுத்து வந்திருக்கிறது.

மருத்துவத்தின் பக்கம் நின்று பார்த்தால் ஆண் கருத்தடையின் மேன்மையில் ஐயத்துக்கு இடமில்லை. வாசக்டமி என்று வழக்கில் உள்ள இந்தச் சிகிச்சையின் தழும்பில்லாத முறையை 1974-இல் சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் லி ஷுன்சியாங் என்ற மருத்துவர் உருவாக்கினார். விரைப்பையின் தோலில் மரத்துப்போகும் ஊசி போட்டு, கூர்முனைக் கவ்வியால் சிறு துளையிட்டு, விந்தணுவை மேலே கொண்டுசெல்லும் இரு குழாய்களையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் துண்டித்து, முனைகளை அடைத்து உள்ளே விடுகிறார்கள். தையல் கிடையாது, கால் மணி நேரத்துக்குள் முடிந்து, சற்று ஓய்வெடுத்த பின் அன்றே வீடு திரும்பலாம். ஆண் தன்மைக்குரிய டெஸ்டோஸ்டிரோன் என்னும் சுரப்புநீர் அந்தக் குழாய் வழியாகச் செல்வதில்லை, நேரே குருதியில் கலக்கிறது என்பதால் உடலுறவு விருப்பமோ திறனோ மாறுவதற்கு உடலியல் காரணம் எதுவும் இல்லை. பெண்ணுக்கோ கருக்குழாயை எட்டுவதற்கு வயிற்றைத் திறந்தாக வேண்டும். பிள்ளை பெற்று இரண்டு நாள்கூட ஆகாத உடல், அந்தக் களைப்பு தீரும் முன்பே இன்னொரு வெட்டைத் தாங்குகிறது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு இந்த அறுவை செய்யப்பட்டதும், அங்கு நடந்த முகாம்களைத் தொடர்ந்து 13 பெண்கள் இறந்ததும் அந்தச் சுமை எவ்வளவு கொடிதாக மாறக்கூடும் என்பதைக் காட்டின. எளிய வழி ஒன்று இருக்கும்போது கடினமான வழியைப் பெண்ணுக்கு ஒதுக்கிவைத்திருக்கும் இந்த ஏற்பாட்டை நியாயப்படுத்த மருத்துவத்தில் ஒரு வரிகூடக் கிடைக்காது.

இந்திய ஆண் இயல்பிலேயே இதற்கு இணங்கமாட்டான் என்ற முடிவுக்கும் வரலாறு இடம் தரவில்லை. 1950-களின் பிற்பகுதியிலேயே அன்றைய சென்னை மாநிலம் கருத்தடை செய்துகொள்ளும் ஏழைகளுக்குப் பணம் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. 1960-களில் நாடெங்கும் நடந்த கருத்தடை அறுவைகளில் பெரும்பகுதி ஆண்களுக்கே நடந்தது. கேரளத்தின் எர்ணாகுளத்தில் 1971 ஜூலையில் ஒரு மாதம் நடந்த முகாமில் ஏறத்தாழ 63,000 பேர் வாசக்டமி செய்துகொண்டார்கள். ஆண்களை நேரடியாக அழைத்தது, பொது இடத்தில் கூட்டமாகச் செய்ததால் தனி மனிதரின் கூச்சத்தைக் குறைத்தது ஆகியவை அந்தக் காலத் திட்டங்களின் உண்மையான பலங்கள்.

ஆனால் அழைத்த விதத்திலேயே பழுதும் இருந்தது. ரொக்கமும் துணியும் அரிசியும் தந்து அழைத்தபோது வந்தவர்கள் பெரும்பாலும் கூலிவேலை செய்பவர்கள். ஆள் கூட்டி வந்தவருக்கும் தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தபோது தரகு முளைத்தது. தந்தை என்ற முறையில் ஓர் ஆண் எடுக்கும் பொறுப்பான முடிவு, வறுமையினால் செய்துகொள்ளும் காரியமாகச் சுருங்கியது. 1975-77 நெருக்கடிநிலை அந்தச் சுருக்கத்தை வன்முறையாக்கியது. அரசு ஊழியர்களுக்கு இலக்கு விதித்து, சம்பளத்தையும் சலுகைகளையும் அதனோடு பிணைத்து, 1976-77 என்ற ஒரே ஆண்டில் சுமார் 62 லட்சம் ஆண்களுக்கு இந்தச் சிகிச்சை செய்யப்பட்டது. 1977 தேர்தலில் ஆட்சி வீழ்ந்தது. ஏறத்தாழ 83 லட்சமாக இருந்த மொத்தக் கருத்தடை எண்ணிக்கை அடுத்த ஆண்டே பத்து லட்சத்துக்கும் கீழே இறங்கியது. அதன்பின் வந்த அரசுகள் இலக்கு வைக்கும் பழக்கத்தை உடனே விடவில்லை. அந்த இலக்கைப் பெண்களின் பக்கம் திருப்பிவிட்டன. ஆண்களின் சினம் வாக்குப்பெட்டிக்குப் போனது, பெண்களின் வலி எங்கும் போகவில்லை என்பதே இந்தத் திருப்பத்தின் அடிப்படை.

வீட்டுக்குள் ஆண் மறுப்பதற்குச் சொல்லப்படும் காரணத்தைக் கவனமாகக் கேட்க வேண்டும். அந்த மறுப்பு பல நேரங்களில் மனைவியின் வாயிலிருந்தோ தாயின் வாயிலிருந்தோதான் வருகிறது: அவர் உழைக்கிற உடம்பு, அவருக்கு எதற்கு இந்த ஆபரேஷன். மூட்டை தூக்குபவரோ மரம் ஏறுபவரோ கட்டட வேலைக்குப் போகிறவரோ அதன்பின் கனம் தூக்க முடியாது என்ற நம்பிக்கை தவறானது. சில நாள் ஓய்வே போதும். எனினும் அன்றாடக் கூலியை நம்பிய குடும்பத்தில், ஆணின் உடலே குடும்பத்தின் ஒரே முதலீடு என்ற நிலையில், இந்த அச்சத்தை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளுவது நேர்மையாகாது. அதே வேளையில், விடியுமுன் எழுந்து தண்ணீர் சுமந்து, சமைத்து, நடவுக்கும் நூறுநாள் வேலைக்கும் போய்வரும் பெண்ணின் உடல் உழைக்கிற உடம்பாக அந்தக் கணக்கில் வருவதே இல்லை. சம்பாதிப்பவன் ஆண் என்ற வார்ப்பு ஆணுக்குச் சுமையாக இருந்துகொண்டே பெண்ணின் உழைப்பை மறைத்துவிடுவதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

இன்னொரு காரணம் வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. குழாய் துண்டிக்கப்பட்ட பிறகும் அதன் மேற்பகுதியில் தங்கிய விந்தணுக்கள் வெளியேற ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். அதுவரை வேறு தடுப்புமுறை வேண்டும், பின்பு விந்துப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும். இது விளக்கப்படாத இடத்தில், அல்லது அரிதாக அறுபட்ட குழாய் தானே மீண்டும் இணைந்துவிட்ட நிலையில், மனைவி கருவுற்றால் பழி சிகிச்சையின் மேல் விழுவதில்லை, அவளுடைய நடத்தையின் மேல் விழுகிறது. பெண்ணின் அறுவை தோற்றால் மருத்துவர் தவறிவிட்டார் என்பார்கள். ஆணின் அறுவை தோற்றால் மனைவி தவறிவிட்டாள் என்பார்கள். இதை அறிந்த பெண் தானே முன்வந்து மேசையில் படுப்பதைத் தியாகம் என்று புகழ்வது, அவள் செய்திருக்கும் தற்காப்புக் கணக்கைப் பார்க்க மறுப்பதாகும்.

பரப்புரையின் மொழிக்கு வரும்போது குறை இன்னும் ஆழமாகிறது. ஆண் கருத்தடை பற்றிய சுவரொட்டிகளும் துண்டறிக்கைகளும் திரும்பத் திரும்பத் தரும் வாக்குறுதி, ஆண்மை குறையாது என்பதே. அறிவியல்படி அது சரியான செய்தி. ஆனால் ஆண்மை என்பது படுக்கையில் அளக்கப்படும் திறன் என்ற கருத்தை ஏற்றுக்கொண்டுதான் அந்த வாக்குறுதியே தொடங்குகிறது. பேருந்து நிலையச் சுவரில் ஆண்மைக்குறைவுக்கு மருந்து விற்பவரின் விளம்பரத்துக்குப் பக்கத்திலேயே அது ஒட்டப்படும்போது, இரண்டும் ஒரே அச்சத்தோடு பேசுகின்றன. அந்த அச்சத்தைக் கிளப்பி வளர்ப்பதில் மருந்து விற்பவர் கைதேர்ந்தவர். தமிழில் இந்தச் சொல்லுக்கு இவ்வளவு குறுகிய பொருள்தான் என்றும் இல்லை. ஆளுதல் என்ற பொருள் அதனுள் கலந்து நிற்பதை வேளாண்மை, தாளாண்மை போன்ற சொற்கள் இன்றும் காட்டுகின்றன. பிறனுடைய மனைவியை விரும்பி நோக்காத பண்புக்கே திருக்குறள் பேராண்மை என்று பெயர் தருகிறது. பெரியாரோ 1928-இலேயே இன்னும் கடுமையாகச் சென்று, வீரத்துக்கும் விடுதலைக்கும் ஆண்மை என்று பெயர் சூட்டியிருப்பதே பெண்ணைத் தாழ்த்துகிறது, அந்தக் கருத்தே அழிய வேண்டும் என்று வாதிட்டார். கருத்தடையை நாட்டின் மக்கள்தொகைக் கணக்காகப் பார்க்காமல் பெண்ணின் விடுதலைக்குரிய கருவியாக அவர் பார்த்ததும் இதே நோக்கிலிருந்துதான். பிற்கால அரசுத் திட்டங்கள் கருத்தடையை எடுத்துக்கொண்டன. அந்த நோக்கைக் கைவிட்டன.

கருத்தடை பெண்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியம், ஆண் கவலைப்பட வேண்டியதில்லை என்று ஐந்தாம் கணக்கெடுப்பில் ஒப்புக்கொண்ட ஆண்கள் ஏறத்தாழ 35 விழுக்காடு. அப்படியானால் அதற்கு உடன்படாத ஆண்களும் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களில் மிகச் சிலரே சிகிச்சைக்கு வருகிறார்கள் என்பதை மனப்பான்மை ஒன்றைக் கொண்டு மட்டும் விளக்க முடியாது. கேள்வி கேட்கப்படும் இடத்தையும் நேரத்தையும் பார்த்தால் ஓரளவு விளங்கும். கர்ப்பகாலப் பரிசோதனை நாள்களில் மனைவியை வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிடும் கணவர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வேப்பமரத்தடியில் காத்திருக்கிறார்; அவரை உள்ளே அழைத்து எவரும் எதையும் விளக்குவதில்லை. இரண்டாவது பிள்ளை பிறந்ததும் குடும்பநல ஆபரேஷன் பற்றிய பேச்சு பிரசவ வார்டில், கட்டிலில் கிடக்கும் பெண்ணிடம் தொடங்குகிறது. பார்வையாளர் நேரம் தவிர அந்த வார்டுக்குள் ஆண்களுக்குப் பெரும்பாலும் அனுமதி இல்லை.