இடிபாடுகளும் ஒருநாட் பயணியின் ஒளிப்படமும்

தொழில்முறை சாராத ஆர்வலரின் ஒளிப்படத்துக்கு எமது திறனாய்வாளர் இதுகாறும் போதிய கவனம் செலுத்தினாரல்லர். ஞாயிறு காலை புறப்பட்டு மாலையில் வீடு திரும்பும் ஒருவர் பாழடைந்த கோட்டையொன்றைப் படமெடுத்து வருவது வெறும் பொழுதுபோக்கென்றே கருதப்படுகின்றது. ஆயினும் பழஞ்சின்னங்கள் பற்றி இன்று பெரும்பாலானோர் கொண்டுள்ள கருத்து, நூல்களினூடாகவன்றி இத்தகைய படங்களினூடாகவே உருவாகின்றது. ஆதலின் இவற்றின் அழகியலை விசாரித்தல் அவசியமாகின்றது.

இவ்வழகியல் ஒளிப்படக் கருவிக்கு முந்தியது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் வசதி படைத்தோர், வேல்ஸ் எல்லையிலுள்ள வை நதியில் உலாச் சென்று தின்டேர்ண் துறவிமடத்தின் இடிபாடுகளைக் கண்டு களித்தனர். அவ்வுலாவுக்கு இலக்கணம் வகுத்தவர் வில்லியம் கில்பின் என்ற மதகுரு. மடத்தின் முகட்டுச் சுவர்கள் மிகையான ஒழுங்குடன் நின்று கண்ணை உறுத்துகின்றன என்றும், சுத்தியலைத் தக்கவாறு பயன்படுத்திச் சிலவற்றை உடைத்தால் நன்றென்றும் 1782இல் வெளிவந்த தமது நூலில் அவர் எழுதினார். அவ்விடிபாடுகளுள் குடியிருந்து இரந்துண்ட வறியோரையும் அவர் கண்டார். அருகே இரும்பாலைகளும் இயங்கின. எனினும் காட்சியின்பம் பற்றிய கோட்பாட்டில் அவர்களுக்கு இடமிருக்கவில்லை. 1536இல் அம்மடத்தைக் கலைத்தது எட்டாம் ஹென்றியின் அரசு. நிலம் பிரபு ஒருவரின் கைக்கு மாறிற்று. கூரையின் ஈயம் விற்கப்பட்டது. ஆனால் உலாச் சென்றோரின் கண்ணுக்குக் குற்றவாளி காலம் ஒன்றே.

இலங்கையில் இப்பார்வை குடியேற்ற ஆட்சியுடன் வந்து சேர்ந்தது. 1868இல் அமைக்கப்பட்ட தொல்பொருட் குழுவுக்காக, கண்டியில் ஒளிப்படத் தொழில் நடாத்திய ஜோசப் லோட்டன் 1870–71இல் அநுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா முதலாய இடங்களைப் படமாக்கினார். அப்படங்கள் பலவற்றில் தூணருகேயோ படிக்கட்டிலோ உள்ளூர் மனிதர் ஒருவர் நிற்பார். அவருக்குப் பெயரில்லை, கட்டடத்தின் உயரத்தைக் காட்டும் அளவுகோல் அவர். 1888இல் கொடாக் கருவி வந்ததும் தொழிலறிவு இல்லாதோரும் படமெடுக்கலாயினர். லோட்டனின் சட்டகத்தில் மனிதன் அளவுகோலாகவேனும் நின்றான். இன்றைய ஆர்வலரோ அவன் விலகும்வரை காத்திருந்து பொத்தானை அழுத்துகின்றார்.

நெடுந்தீவை எடுத்துக்கொள்வோம். குறிகட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணிநேரப் படகுப் பயணம். கோட்டையின் முருகைக்கற் சுவர்கள், புறாக்கூடு, பெருக்குமரம், அந்தி வெயிலில் மேயும் குதிரைகள் ஆகியனவே பயணிகளின் படங்களில் மீண்டும் மீண்டும் தோன்றுகின்றன. கோட்டை எந்தக் கல்லாற் கட்டப்பட்டதோ அதே கல்லை அடுக்கித்தான் தீவு மக்கள் தம் காணிகளுக்கு வேலி அமைத்துள்ளனர். அவ்வேலி சரிந்தால் மீண்டும் அடுக்கப்படுகின்றது. அதாவது, பயணி இடிபாடாகக் காணும் கல் அத்தீவில் இன்றும் உழைப்பின் பொருளாகவே உள்ளது. வேலி படத்தில் வராமலில்லை. அதனை அடுக்கும் கைகளே வருவதில்லை. குதிரையின் எழில் பதிவாகின்றது; வரட்சிக் காலத்தில் குதிரைக்கும் மனிதனுக்கும் நேரும் தண்ணீர்த் தட்டுப்பாடு பதிவாவதில்லை.

யாழ்ப்பாணக் கோட்டையில் இச்சிக்கல் மேலும் கூர்மையடைகின்றது. ஒல்லாந்தர் 1706இல் அங்கு கட்டிய தேவாலயம் இன்று கற்குவியலாகக் கிடக்கின்றது. கொத்தளத்தின் மேலிருந்து மாலைச் சூரியனுடன் அதனைப் படமாக்குவோர் பலர். காலவெள்ளம், காலத்தின் கோலம் என்றவாறு குறிப்பும் எழுதுவர். இரண்டரை நூற்றாண்டுக்கு மேலாக நின்ற அக்கட்டடம் 1990ஆம் ஆண்டு முற்றுகைக்குப் பின் எஞ்சவில்லை என்பதை அக்குறிப்பு மறைத்துவிடுகின்றது. குண்டு வீசியோரும் சுவரை இடித்தோரும் மனிதரே. வரலாற்றை இயற்கையாக மாற்றிக் காட்டுவதே கருத்துநிலையின் தொழில் என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. எமது முற்போக்கு விமர்சகர் சிலர் இவற்றையெல்லாம் நடுத்தர வர்க்கத்தின் வீண்களியாட்டம் என ஒரே வீச்சில் ஒதுக்கிவிடுவர். அது வரட்டுவாதம். ஓய்வு நாள் என்பதே தொழிலாளர் போராடிப் பெற்ற ஒன்று. அந்நாளில் அழகை நாடுவது குற்றமாகாது. பியர் பூர்தியே முதலானோர் 1965இல் வெளியிட்ட ஆய்வு, எதைப் படமெடுக்கத் தகுந்தது எனக் கொள்வதை வர்க்க நிலை எங்ஙனம் தீர்மானிக்கின்றது என விளக்கியதேயன்றி எவரையும் ஏளனஞ் செய்யவில்லை. இதனை எழுதுபவனின் கைத்தொலைபேசியிலும் ஆளரவமற்ற கோட்டைப் படங்கள் சில உள. எனவே வினா அழகு வேண்டுமா என்பதன்று. அந்த அழகுக்காகச் சட்டகத்தினின்று எதனை அகற்றினோம் என்பதே.

இதற்கு மாறான படங்களும் எம்மத்தியில் உள்ளன. அவற்றை எவரும் கலையெனக் கொள்வதில்லை. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோரின் காணிகள் 2009இன் பின்னர் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. எல்லாம் இன்னும் விடுவிக்கப்படவில்லை. திரும்பிச் சென்றோர் பலர் தம் வீடு இருந்த இடத்திற் பற்றைக் காட்டையே கண்டனர். கிணற்றையோ கோயிலையோ கொண்டே எல்லையை மட்டுக்கட்ட வேண்டியிருந்தது. அவர்களும் படமெடுத்தனர். அப்படங்களில் ஒளியமைப்பில்லை, அடிவானம் சரிந்திருக்கும், எடுத்தவரின் நிழல் முன்னே விழுந்திருக்கும். நடுவில் ஒரு கிணற்றுக்கட்டு, அருகே இன்னார் மகன், இன்னார் பேரப்பிள்ளை. இங்கு மனிதன் அளவுகோலல்லன், காணிக்கு உரியவன். படத்தைப் பார்ப்போரும் அழகா எனக் கேட்பதில்லை. அது எங்கள் கிணறுதானா, கிழக்குப் பக்கத்து மாமரம் எங்கே என்றே கேட்கின்றனர்.